மொட்டைமாடியில் ஒரு கண்ணாடி அறை

வீடு கட்டுகிறவர்கள் இப்போது புதிதாக ஒன்றைக் கேட்கிறார்கள். பூஜையறை எங்கே, அடுப்பு எந்தப் பக்கம், கார் நிறுத்த எவ்வளவு இடம் என்றெல்லாம் பேசி முடித்தபிறகு, போகிற போக்கில் சொல்வதுபோலச் சொல்வார்கள்: "மாடியில சுத்தியும் கண்ணாடி, மேலேயும் கண்ணாடி போட்டு ஒரு ரூம் எடுத்துடலாமா?" திருச்சியிலும் கேட்கிறார்கள், மதுரையிலும் சேலத்திலும் வேலூரிலும் கேட்கிறார்கள். சிலர் சன்ரூம் என்கிறார்கள், சிலர் சோலாரியம் என்கிறார்கள். கட்டட வேலையிலேயே முடி நரைத்தவன் நான். இந்தக் கேள்விக்கு மட்டும் வேண்டும், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்ப மனம் வருவதில்லை. கேட்கிற குரலுக்குப் பின்னால் ஒரு நல்ல ஆசை நிற்கிறது. அதை உட்காரவைத்துப் பேசிப் பார்க்காமல் அறையைப் பற்றிப் பேசுவது சரியில்லை.

என் அண்ணன் மகள் கேட்டபோது அந்த ஆசை என்னவென்று எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. பல வருஷம் டொராண்டோவில் இருந்துவிட்டு, குடும்பத்தோடு திருச்சிக்குத் திரும்பியவள். திருவானைக்காவலில் அண்ணன் கட்டிய வீட்டின் மேல் இப்போது மாடி எடுக்கிறாள். "சித்தப்பா, அங்க எங்க வீட்டுக்குப் பின்னாடி சின்னதா ஒரு கண்ணாடி ரூம் இருந்துச்சு. வெளியில பனி கொட்டிக்கிட்டு இருக்கும். நான் உள்ள வெயில்ல உக்காந்து காபி குடிப்பேன். அந்த ஊர்ல எனக்குன்னு இருந்த ஒரே இடம் அதுதான். அதே மாதிரி இங்கயும் ஒண்ணு வேணும்" என்றாள்.

அவள் அனுபவித்த சுகம் உண்மையானது. டொராண்டோ பூமத்திய ரேகைக்கு 43 டிகிரி வடக்கே இருக்கிறது. டிசம்பர் நண்பகலில்கூட அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 23 டிகிரிதான் எழும்பும். நம் ஊரில் காலை எட்டு மணிக்கு இருக்கும் உயரம்தான் அது. அந்தச் சாய்ந்த வெயில் தெற்குக் கண்ணாடி வழியே தரையில் நீளமாக விழுந்து, அறையின் உள்சுவர் வரைக்கும் போகும். மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். இப்படிப்பட்ட ஊரில் கிடைக்கிற கொஞ்ச வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு கண்ணாடிக்கூடு கட்டுவது புத்திசாலித்தனம். அங்கே சூரியன் அரிது, குளிர் நிச்சயம். கண்ணாடி அறை அந்த இரண்டுக்கும் கண்டுபிடித்த பதில்.

கண்ணாடி செய்கிற வேலை இதுதான். சூரிய ஒளியை ஏறத்தாழ முழுவதும் உள்ளே விடும். அந்த ஒளி தரையிலும் நாற்காலியிலும் நம் உடம்பிலும் பட்டுச் சூடாக மாறும். சூடான பொருட்கள் தம் பங்குக்கு வெப்பக் கதிர்களை வெளியிடும். அவை அலைநீளம் கூடியவை என்பதால் சாதாரணக் கண்ணாடி அவற்றை வெளியே விடாது. அதைவிடப் பெரிய காரணம், சூடேறிய காற்று மேலே போக வழியில்லாமல் அங்கேயே அடைபட்டுக் கிடப்பது. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1909-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். இரண்டு பெட்டிகளில் ஒன்றுக்குக் கண்ணாடி மூடி போட்டார். இன்னொன்றுக்கு, வெப்பக் கதிர்களை வெளியே விட்டுவிடும் பாறை உப்புப் பலகையை மூடினார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு சூடேறின. அடைபட்ட காற்றுதான் பெரிய குற்றவாளி என்று அதிலிருந்து தெரிந்தது. கோயில் வாசலில் காரை வெயிலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சாமி கும்பிட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கண்ணாடி அறை அந்தக் கார்தான். அளவில் பெரியது, நாள் முழுக்க வெயிலில் நிற்பது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு தெரியாமல் முடிவெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. கோடையில் மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் மாடியில் விழும் சூரிய ஆற்றல் 900 வாட்டுக்குக் குறையாது, 1,000 வாட்டைக்கூடத் தொடும். பன்னிரண்டுக்குப் பத்து அடி அறையின் கூரைப் பரப்பு சுமார் 11 சதுர மீட்டர். அதாவது கூரையின் மேல் மட்டும் ஏறத்தாழ 10,000 வாட் விழுகிறது. சாதாரணக் கண்ணாடி அதில் பத்தில் எட்டுப் பங்கை உள்ளே விடும். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பம் 3,500 வாட். கூரை வழியே வருவதைச் சமாளிக்க மட்டும் இரண்டு டன்னுக்கு மேல் வேண்டும். சுவர்க் கண்ணாடி வழியே வருவது, உள்ளே இருக்கிற மனிதர்கள், சுடுகிற வெளிக்காற்று இவையெல்லாம் அதற்கு மேல்.

"ஏசி போட்டுக்கறோம்" என்பார்கள். போடலாம். ஆனால் வெயிலைக் காசு கொடுத்து உள்ளே அழைத்து, மறுபடி காசு கொடுத்து வெளியே அனுப்புகிற ஏற்பாடு அது. ஏசி காற்றைக் குளிர்விக்கும், உச்சந்தலையில் நேராக அடிக்கிற வெயிலை ஒன்றும் செய்யாது. காற்று 24 டிகிரியில் இருக்கும், தலை கொதிக்கும். ஒன்றிரண்டு கோடை போனதும் அந்த அறையில் அட்டைப்பெட்டியும் பழைய மெத்தையும் சேர ஆரம்பிக்கும். ஆசை ஆசையாகக் கட்டிய அறைகள் அப்படிச் சாமான் அறையாக மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். கட்டினவர்கள் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

திசையைப் பற்றி நிறையப் பேச வேண்டும், இங்கேதான் எல்லாம் இருக்கிறது. திருச்சிக்கு மேலே சூரியன் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதம் நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கிறது. வெயில் உச்சத்தில் இருக்கும்போது சுவர்களைவிடக் கூரையைத்தான் அது குறிவைக்கிறது. ஆகவே நம் ஊரில் கண்ணாடி போட மிக மோசமான இடம் கூரை, அதற்கு அடுத்தது மேற்கு. மாலை வெயில் தாழ்வாக, கிடையாக வரும். எவ்வளவு நீளமாகச் சன்ஷேடு போட்டாலும் அதன் அடியில் நுழைந்து வரும். நாள் முழுக்கச் சூடேறிய சுவரும் தரையும் இருக்கிற நேரத்தில் வருவதால் அதன் கொடுமை இரட்டிப்பு. கிழக்கும் அதேபோலத் தாழ்ந்த வெயில்தான், ஆனால் காலை நேரம் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம். தெற்கு வெயில் நமக்கு மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும்தான் வருகிறது. டிசம்பர் நண்பகலிலும் அது 56 டிகிரி உயரத்தில் இருப்பதால், இரண்டரை அடி சன்ஷேடு ஒன்று மூன்றரை அடிக்கு மேல் நிழல் தந்துவிடும். வடக்கு எல்லாவற்றிலும் சாந்தமானது. ஆனி, ஆடியில் காலையிலும் மாலையிலும் கொஞ்சம் ஓரமாக எட்டிப் பார்ப்பதோடு சரி. வருஷம் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் வேண்டுமென்றால் வடக்கைத்தான் திறக்க வேண்டும்.

கண்ணாடி அறை எங்கே பிறந்தது என்று பார்த்தாலும் இதே பாடம்தான். லண்டன் கியூ தோட்டத்தில் 1848-இல் கட்டி முடித்த பனைமர இல்லம், வெப்ப நாட்டு மரங்களைக் குளிர் நாட்டில் காப்பாற்றுவதற்காக எழுந்தது. அதைச் சூடாக வைத்திருக்க நிலக்கரி எரித்தார்கள். 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய கிரிஸ்டல் பேலஸ் உலகத்தையே மயக்கியது. அந்த மயக்கத்தில் பிறந்ததுதான் பெங்களூரு லால்பாக் கண்ணாடி மாளிகை. 1889-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மலர்க் கண்காட்சி நடப்பதும் ஜனவரியிலும் ஆகஸ்டிலும்தான். நம் மாநிலத்திலேயே கண்ணாடித் தாழ்வாரம் பொருந்துகிற ஊர் ஊட்டி. 2,240 மீட்டர் உயரம், ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி. அங்கேயுள்ள பழைய பங்களாக்களில் கண்ணாடி அடைத்த வராந்தாவில் காலை வெயிலில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஊட்டியில் வீடு வைத்திருப்பவர் என்னிடம் கேட்டால் தயங்காமல் கட்டச் சொல்வேன்.

பெரிய மேதைகளையும் வெயில் விட்டுவைத்ததில்லை. லெ கொர்புசியே பாரிஸில் வீடற்றவர்களுக்காக ஒரு தங்குமிடம் கட்டினார். 1933-இல் திறந்தது. தெற்கு முகம் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடிச் சுவர். அதோடு சேர வேண்டிய குளிரூட்டும் ஏற்பாட்டுக்குப் பணம் போதவில்லை. பாரிஸின் வழக்கமான கோடைப் பகல் நம் மார்கழிப் பகலைவிடச் சூடு குறைந்தது. அதிலேயே உள்ளே இருந்தவர்கள் தவித்தார்கள். பிறகு திறக்கும் ஜன்னல்கள் வைத்தார்கள், போருக்குப் பின் கண்ணாடிக்கு முன்னால் வெயில்தடுப்புப் பலகைகளும் வந்தன. அதே மனிதர்தான் சண்டிகரிலும் அகமதாபாத்திலும் கட்டியபோது, ஆழமான கான்கிரீட் வெயில்தடுப்புகளைக் கட்டடத்தின் முகமாகவே ஆக்கினார்.

நமக்குப் பக்கத்திலேயே இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. ஆன்டனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களில் முடிந்தது. நீளமான முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. அந்த முகங்கள் முழுக்க, கையால் திருப்பித் திறந்து மூடக்கூடிய அகலமான கிடைப்பலகைகள். வெளிச்சம் உண்டு, காற்று உண்டு, மழைக்கு மூடிக்கொள்ளலாம், வெயில் மட்டும் நுழையாது. கூரைத் தளத்துக்கு மேல் வளைவான கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டுப் பரப்பியிருக்கிறார்கள், வெயில் அந்த ஓட்டைச் சுட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடும். கட்டி எண்பது வருஷம் போனபிறகும் அது நம் கடற்கரைச் சூட்டுக்கு ஏற்ற கட்டடமாக நிற்கிறது. அந்தக் காலத்திலேயே இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று எனக்கு மனம் நிறைந்துபோகும்.

அண்ணனுக்காகவும் கண்ணாடி அறை வேண்டும் என்றாள் அண்ணன் மகள். அண்ணனுக்கு எண்பது தாண்டிவிட்டது. வைட்டமின் டி குறைவு, வெயிலில் உட்காருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டதும் அவளை உட்காரவைத்துப் பேச வேண்டியதாயிற்று. நம் தோலில் வைட்டமின் டி உருவாக்குவது சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதா பி கதிர். ஜன்னல் கண்ணாடி அதை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடும். கண்ணாடிக்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் சூடு கிடைக்கும், வியர்வை கிடைக்கும், வைட்டமின் கிடைக்காது. வயதானவர்களுக்கு அந்தச் சூடே ஆபத்து. தாகம் தெரிவது குறைகிறது, வியர்ப்பதும் குறைகிறது. ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் உடம்பில் நீரைக் குறைத்துவிடும். அடைத்த கண்ணாடி அறையில் ஒரு பெரியவர் நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டால், வீட்டில் யாரும் கவனிப்பதற்குள் உடம்பு கொதித்துப்போகும். அண்ணனுக்கு வேண்டியது வாசலில் ஒரு நாற்காலி, டாக்டர் சொன்ன அளவு நேரம், பக்கத்தில் பேச ஒரு ஆள்.

வெயிலை மருந்தாகக் கொடுத்த காலம் ஒன்று உண்டு. காசநோய்க்கு மருந்தே இல்லாதபோது திறந்த காற்றையும் வெயிலையும் நம்பிச் சானடோரியங்கள் கட்டினார்கள். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காலம் இன்னும் இருக்கிறது. குஜராத்தின் ஜாம்நகரில் 1930களில், சூரியனைப் பின்தொடர்ந்து சுழலும் சோலாரியமே கட்டினார்கள். பிறகு மருந்து வந்தது. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்கள் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமாவதை 1959-இல் உலகுக்குக் காட்டியது. தேவை போனதும் அந்தக் கட்டடங்களின் காரணமும் போயிற்று.

வாழ்க்கையில் இதை நான் பல இடங்களில் பார்க்கிறேன். ஓர் ஊரில் கிடைத்த சுகத்தை இன்னோர் ஊருக்குக் கொண்டுவர ஆசைப்படும்போது, அந்தச் சுகத்தின் உருவத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறோம், காரணத்தை அங்கேயே விட்டுவிடுகிறோம். பட்டணத்தில் சம்பாதித்து ஓய்வுபெற்றுக் கிராமத்துக்குத் திரும்புகிறவர், திண்ணையை இடித்துவிட்டு அடைத்த வரவேற்பறை கட்டுகிறார். பட்டணத்தில் கதவைச் சாத்திக்கொண்டால்தான் நிம்மதி கிடைத்தது. கிராமத்தில் தெருவில் போகிறவர் நின்று நாலு வார்த்தை பேசினால்தான் நிம்மதி. அதைத் தேடித்தானே திரும்பி வந்தார்? ஆசைப்படுவது தவறென்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். முதுமையில் ஆசை வற்றிப்போவதுதான் பெரிய துக்கம். ஆனால் ஆசைக்கு இரண்டு பகுதி உண்டு. உள்ளே ஒரு பசி, மேலே ஒரு படம். படத்தை வெளியிலிருந்து யாரோ தந்திருப்பார்கள். பசி மட்டுந்தான் நம்முடையது. பசியைத் தெரிந்துகொண்டுவிட்டால் அதை ஆற்ற நம் ஊரிலேயே வழி இருக்கும், பெரும்பாலும் குறைந்த செலவில்.

அதனால் அவளிடம், "அந்த ரூம்ல என்னம்மா பிடிச்சுது உனக்கு? அந்த ரூமை விட்டுட்டு, அதுல பிடிச்சதை மட்டும் சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அங்க இருக்கறப்ப யாரும் கூப்பிட மாட்டாங்க சித்தப்பா. வானம் தெரியும். ஒரு கறிவேப்பிலைச் செடி வச்சிருந்தேன். வெளியில வச்சா ஒரே ராத்திரியில செத்துடும், அந்த ரூம்லதான் குளிர்காலம் பூரா உயிரோட இருந்துச்சு. அதுக்குத் தண்ணி ஊத்திட்டு உக்காந்திருப்பேன்" என்றாள். சொல்லும்போதே அவள் கண் கொல்லைப்புறம் போயிற்று. அங்கே அண்ணி வைத்த கறிவேப்பிலை மரம் மாடிக் கைப்பிடிச் சுவரை எட்டி நிற்கிறது. அந்தக் கண்ணாடிக்குள் இத்தனை வருஷம் அவள் திருச்சியைத்தான் காப்பாற்றி வைத்திருந்தாள் என்று எனக்குப் பட்டது. அவளிடம் அதைச் சொல்லவில்லை. தனிமை, வானம், செடி என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

இந்த மூன்றையும் நம் பழைய வீடுகள் முற்றத்தில் வைத்திருந்தன. செட்டிநாட்டு வீட்டின் வளவில் நின்றால் வானம் தலைக்கு மேல் இருக்கும், மழை கண்ணெதிரே விழும், ஆனால் நாம் நிற்பது தாழ்வாரத்து நிழலில். பகலில் சூடேறிய காற்று மேலே போய்விடும், இரவில் முற்றத்துத் தரை தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டுக் குளிரும். இப்போது திருட்டுக்கும் புறாவுக்கும் பயந்து அந்த முற்றத்தின் வாயைப் பாலிகார்பனேட் ஷீட்டாலோ கண்ணாடியாலோ இறுக்கமாக மூடிவிடுகிறார்கள். வீடு வெக்கையில் புழுங்குகிறது, பிறகு ஏசி வருகிறது. உறவுக்காரர் வீடு ஒன்றில் அப்படி மூடியிருந்ததை, சட்டத்தோடு தூக்கி ஓட்டுக்கு மேல் இரண்டடி உயரத்தில் வைத்து, நாலு பக்கமும் கம்பிவலை மட்டும் அடிக்கச் சொன்னேன். மழை வரவில்லை, புறா வரவில்லை, சூட்டுக்கு வெளியே போக வழி கிடைத்தது. முற்றம் இருக்கிறவர்கள் தயவுசெய்து அதை அடைக்காதீர்கள். மூடித்தான் ஆக வேண்டுமென்றால் உயர்த்தி மூடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கண்ணாடி வேண்டுமென்பவர்களுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கடையில் முதலில் காட்டுவது டபுள் கிளேஸிங். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் காற்று அடைத்தது. அது குளிர் நாட்டில் வீட்டுச் சூடு வெளியே போகாமல் இருக்க வந்தது. நேர் வெயிலை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு சாதாரணக் கண்ணாடியும் பெரிதாகத் தடுத்துவிடாது. கேட்க வேண்டியது ஒரே ஒரு எண்: வெயிலில் எத்தனை பங்கு உள்ளே விடும் என்பது. எஸ்ஹெச்ஜிசி என்று சொல்வார்கள். சாதாரணக் கண்ணாடிக்கு அது 0.8-க்கு மேல் இருக்கும், நல்ல வெயில்தடுப்புக் கண்ணாடிக்கு 0.3 அல்லது அதற்கும் கீழே. அந்த 0.3 கண்ணாடியைக் கூரைக்குப் போட்டாலும், முன் சொன்ன அறையில் 3,000 வாட் இறங்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் வீடுகளுக்காக 2018-இல் கொண்டுவந்த விதிமுறை, நம்மைப் போன்ற வெப்பப் பகுதிகளில் சுவர், ஜன்னல் வழியே வரும் வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. கண்ணாடியைத் தாராளமாகப் போட்டுவிட்டு அந்த அளவுக்குள் நிற்பது கடினம்.

தலைக்கு மேல் போடும் கண்ணாடி லேமினேட்டட் ஆகத்தான் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. டஃபன்டு கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலமானது, உண்மைதான். ஆனால் உடைந்தால் மொத்தமும் சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும். உள்ளே நிக்கல் சல்ஃபைடு துகள் இருந்தால், யாரும் தொடாமலே ஒருநாள் தானாக வெடிப்பதும் உண்டு. லேமினேட்டட் கண்ணாடியில் நடுவே ஒட்டும் படலம் இருப்பதால் உடைந்தாலும் அங்கேயே தொங்கும், குழந்தை தலையில் விழாது. பக்கத்தில் தென்னை இருந்தால் கண்ணாடிக் கூரையை மறந்துவிடுங்கள். கடற்கரை மாவட்டத்தில் இருப்பவர்கள் காற்றின் பலத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். 2016-இல் வர்தாவும் 2018-இல் கஜாவும் என்ன செய்தன என்று நாம் எல்லோரும் பார்த்தோம்.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுக்க வேண்டும். உள்ளே திரைச்சீலை போட்டால் வெளிச்சம் குறையும், சூடு பெரிதாகக் குறையாது, அது ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. வெளியே கட்டிய ஒரு மூங்கில் தட்டி விலை உயர்ந்த உள்திரையைவிட நன்றாக வேலை செய்யும். திருச்சி, மதுரை மாதிரி வறண்ட காற்று உள்ள ஊர்களில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துவிட்டால் அறை குளிர்ந்து மணக்கும். சென்னையில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அந்தப் பலன் குறைவு. அறையின் உச்சியில் சூடு போகத் திறப்பு கட்டாயம், கீழே காற்று வரவும் திறப்பு வேண்டும். மற்றவை வேகமாக: பன்னிரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ இருக்கும், பழைய தளமும் பீமும் அந்தப் பாரத்தையும் சட்டத்தின் பாரத்தையும் தாங்குமா என்று பொறியாளரைக் கேளுங்கள். தட்டோடு பதித்த மாடியில் துளை போட்டால் ஒழுகும், துளையை அடைக்கும் வேலையைக் கூடவே இருந்து பாருங்கள். போர்த் தண்ணீரில் கழுவினால் உப்புக்கறை படியும். அந்தக் கண்ணாடியை வருஷம் முழுக்க யார் ஏணி வைத்துத் துடைப்பது என்று இப்போதே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

மேற்கே கண்ணாடி போட்டால் அதில் பட்டுத் தெறிக்கும் மாலை வெயில் எதிர்வீட்டுக்காரர் படுக்கையறையில் விழும் என்பதையும் யாரும் நினைப்பதில்லை. நம் வெளிச்சத்துக்காக அடுத்தவர் ஜன்னலைச் சாத்தவைப்பது நியாயமில்லை.

அவள் வீட்டுக்கு நாங்கள் பேசி முடிவெடுத்தது இது. மாடியின் வடக்கு ஓரத்தில் பத்தடி அகலத்துக்கு ஒரு தாழ்வாரம். மேலே கான்கிரீட் தளம், அதன்மேல் வெள்ளை கூல் டைல்ஸ். வடக்குப் பக்கம் முழுக்க மடித்து ஒதுக்கக்கூடிய கண்ணாடிக் கதவுகள், அவற்றுக்குப் பின்னால் கொசுவலை. மழைக்கும் தூசிக்கும் மூடலாம், மற்ற நேரமெல்லாம் திறந்தே இருக்கும். கதவுக்கு மேலே வென்டிலேட்டர் வரிசை. தாழ்வாரத்துக்கு வெளியே திறந்த மாடியில் தொட்டிச் செடிகள். வானம் வேண்டும் என்றாளே, அதற்கு மாடிப்படிக்கு மேல் மட்டும் ஒன்றரை அடி அகலத்தில் லேமினேட்டட் கண்ணாடிப் பட்டை, இரு பக்கமும் காற்றுவழியோடு.

ஒரே ஒரு இடத்தில் அவள் பிடிவாதமாக நின்றாள், நானும் விட்டுக்கொடுத்தேன். மேற்கே ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தெரியும். 236 அடி உயரம், 1987-இல்தான் அதைக் கட்டி முடித்தார்கள். அவள் சிறுமியாக இருந்தபோது அது உயர்ந்துகொண்டே போவதைப் பார்த்து வளர்ந்தவள். "அதைப் பார்க்காம என்ன சித்தப்பா மாடி?" என்றாள். மேற்கில் கண்ணாடிச் சுவர் கிடையாது, ஆனால் மூன்றடிக்கு நாலடியில் மரக்கதவு போட்ட ஒரு ஜன்னல் உண்டு. வெளியே வெட்டிவேர்த் தட்டி தொங்கும். வெயில் தணிந்தபிறகு தட்டியைச் சுருட்டிவிட்டு, கதவைத் திறந்து கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடிக் கூரை அறைக்கு அவள் வாங்கிவைத்திருந்த மதிப்பீட்டில் பாதிக்கும் கீழே செலவு வருகிறது. தை பிறந்ததும் மேஸ்திரி வேலையைத் தொடங்குகிறார். அந்த ஜன்னலுக்கு மட்டும் தேக்கு வாங்குவதா வேங்கை போதுமா என்று அண்ணன் இன்னும் முடிவு சொல்லவில்லை.